வெளியே ஒரு பேச்சு, ஃபைலில் ஒரு பேச்சு: பறக்கும் தட்டுக்கு எந்தச் சான்று நிற்கும்?

பாலக்கோடு:
தருமபுரியில் பள்ளி அறிவியல் மன்றப் பட்டிமன்றம். "பறக்கும் தட்டு பற்றி அமெரிக்க அதிகாரிகள் வெளியே மறுத்ததும் உள்ளே எழுதியதும் வேறு வேறு" என்பது எங்கள் அணி. பறக்கும் தட்டு பற்றி அமெரிக்க ராணுவ ஜெனரல் ட்வைனிங் எழுதிய கடிதம், வேற்றுக்கிரகக் கலத்தை ஆராய ரகசியக் குழு இருந்ததாகச் சொல்லும் எம்ஜே-12 தாள்கள் ரெண்டும் கையில் இருக்கு. எதிரணி எங்கே மடக்கும்?

தொப்பூர் கணவாய்:
எம்ஜே-12ஐ முதலில் தூக்கிப் போடுங்க. எஃப்பிஐ தன்னிடம் உள்ள பிரதியின் மேலேயே 'போலி' என்று கொட்டை எழுத்தில் கிறுக்கி வைத்திருக்கு.

ட்வைனிங் கடிதம் அசல்தான், 23 செப்டம்பர் 1947. "இது நிஜம், கற்பனையல்ல" என்ற வரியோடு எல்லாரும் நிறுத்திடுறாங்க. கொஞ்சம் கீழே, விழுந்து கிடைத்த பொருள் எதுவும் சான்றாக இல்லை என்றும் அவரே எழுதுகிறார். அதுவும் பறக்கும் தட்டு விழுந்ததாகச் சொல்லப்படும் ரோஸ்வெல் சம்பவம் நடந்து இரண்டரை மாதம் கழித்து! இந்தக் கடிதத்தையும் ரோஸ்வெல்லையும் சேர்த்துப் பேசினால் மாட்டிக்குவீங்க.

உங்களுக்கு வேண்டியது விமானப்படை ஜெனரல் போலெண்டர் எழுதிய உள் மெமோ, 20 அக்டோபர் 1969. நாட்டின் பாதுகாப்பைத் தொடும் தகவல்கள், பறக்கும் தட்டுத் தகவல்களை விசாரித்த விமானப்படையின் புளூ புக் திட்டத்துக்குள் வருவதே இல்லை, வேறு வழியில் போகின்றன என்கிறது. டிசம்பர் 17இல் விமானப்படை அந்தத் திட்டத்தை மூடியது: 12,618 தகவல், 701 விளங்காதவை, பாதுகாப்புக்கு ஆபத்தில்லையாம். ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்க.

கெலமங்கலம்:
சிஐஏவின் யூ-2 உளவு விமானத்தை விட்டுட்டீங்களே. மக்கள் அதைப் பார்த்துப் பறக்கும் தட்டு என்று நினைச்சாங்க. 1997இல் சிஐஏ ஆய்விதழில் ஜெரால்ட் ஹெய்ன்ஸ் எழுதினார்: புளூ புக் ஆட்கள் சிஐஏவிடம் கேட்டு, உளவு விமானம் என்று தெரிந்துகொண்டே, மக்களிடம் பனித்துகள், வெப்பநிலை மாற்றம் என்று சொல்லியிருக்காங்க. வந்த தகவல்களில் பாதிக்கு மேல் இதுதான் என்ற அவர் கணக்கை ஏற்காதவர்கள் உண்டு; அந்தப் பக்கம் போகாதீங்க.

யூ-2 ஏன் மின்னியது என்று கேட்டால்: உதாரணத்துக்கு, கிருஷ்ணகிரியில் பொழுது சாய்ந்த பிறகும், தலைக்கு நேர் மேலே, யூ-2 பறந்த 60,000 அடியில் சுமார் 17 நிமிடம் வெயில் இருக்கும். வெள்ளி நிற உடம்பு வேறு.

பாலக்கோடு:
அப்போ வேற்றுக்கிரகத்தை மறைத்தாங்கன்னு பேசக்கூடாதா அண்ணா?

தொப்பூர் கணவாய்:
பேசினா தோத்துடுவீங்க. 2021இல் அமெரிக்க உளவுத் துறை வெளியிட்ட அறிக்கையில், வானில் அடையாளம் தெரியாமல் பார்த்தவை 144 நிகழ்வு. உறுதியாக விளங்கியது ஒன்றே, காற்றுப் போன பெரிய பலூன். மத்ததுக்குத் தகவல் போதவில்லை, அவ்வளவுதான். 2023இல் முன்னாள் அமெரிக்க உளவு அதிகாரி டேவிட் க்ரஷ், வேற்றுக்கிரகக் கலங்களை அரசு மறைக்கிறது என்று சத்தியம் செய்து சொன்னதும் பிறர் தன்னிடம் கூறியதை வைத்து. அரை நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீங்க, நேரம் யூ-2வுக்கே வேணும்.