வீட்டில் பெரிய நாய்களோடு ஒரு பொடி நாய்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தாம்பரம் டாபி வீடு:

மூன்றரைக் கிலோ மின்பின் (மினியேச்சர் பின்ஷர்) ஒன்று, லேப் (லேப்ரடார்) இரண்டு. லேப் சாது என்று எல்லோருக்கும் தெரியும், எங்களுடையவையும் அப்படித்தான், மின்பின் காதைக் கடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கும். ஆகவே இது சண்டைக் கதை இல்லை, காலிங் பெல் கதை. பெல் அடித்தால் மூன்றும் வாசலுக்கு ஓடும், உங்கள் வீட்டிலும் அப்படித்தானே. அன்றைக்கு சிலிண்டர் போடுகிறவர் வந்தார். டைல்ஸ் தரையில் பெரிய லேப், 38 கிலோ, நிற்க முடியாமல் சறுக்கிக்கொண்டு போய் சின்னதைச் சுவரோடு சேர்த்து மோதியது. சின்னது கத்தவே இல்லை. முன்னங்கால் ஒன்று பாதத்துக்குச் சற்று மேலே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கித் தொங்குகிறது, அதைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஊசி போட்டாலே தெருவைக் கூட்டுகிற நாய் அது. அந்தப் பார்வை என்னை விட்டு இன்னும் போகவில்லை.

எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன, பிளேட் வைத்தார்கள். இவ்வளவு சின்ன இனங்களுக்கு அந்த இடத்தில் சதை கிடையாது, ரத்த ஓட்டமும் குறைவு, எலும்பு கூட நாளாகும், சிலவற்றுக்குக் கூடாமலே போகும் என்றார் டாக்டர். சோஃபாவிலிருந்து குதித்தே அங்கே உடைத்துக்கொண்டு வருகிற நாய்கள் உண்டாம். இப்போது ஹாலுக்கும் வாசலுக்கும் நடுவே குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்புக் கதவு, தரையில் ரப்பர் பாய். கடிக்காத நாய் என்பதால் ஆபத்து இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மேலூர் செவலை:

எங்கள் வீட்டில் கடித்தது. சிப்பிப்பாறையும் (நம் ஊர் வேட்டை நாய்) பாமும் (பொமரேனியன்) ஒரே தட்டில் வளர்ந்தவை என்று சொல்லலாம், மத்தியான நேரத்தில் ஒன்றின் வயிற்றில் இன்னொன்று தலைவைத்துத் தூங்கும். கொல்லையில் தினமும் ஓடிப் பிடிக்கிற விளையாட்டு உண்டு. ஒருநாள் ஓடும்போது பாமின் கால் கயிற்றுக் கட்டிலில் சிக்கி, வீல் என்று கத்தியது. அவ்வளவுதான். சிப்பிப்பாறையின் முகம் மாறியதை நான் நேரில் பார்த்தேன், கோபமெல்லாம் இல்லை, உறுமவும் இல்லை, என்னைத் தெரியாத நாய் மாதிரி ஒரு கணம் அசையாமல் நின்றது, அடுத்த நொடி பாம் அதன் வாயில் இருந்தது, இரண்டு உதறல். என் தம்பி தண்ணீர் வாளியை அப்படியே வீசியதில் விட்டுவிட்டது. விட்ட பிறகு வாலாட்டிக்கொண்டு பாமை நக்க வருகிறது!

வெளியே பார்த்தால் பென்சில் முனை அளவு இரண்டு ஓட்டைதான். மஞ்சள் வைத்தால் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். டாக்டர் முடியை மழித்துக் காட்டிய பிறகுதான் முதுகு முழுக்கக் கறுத்திருந்தது தெரிந்தது. தோல் மேலே நிற்கிறது, உள்ளே தசை பிய்ந்து தனியாகக் கிடக்கிறது. உதறுகிற கடி எப்போதும் அப்படித்தான் என்றார். குழாய் வைத்து நீர் எடுத்தார்கள். பிழைத்துவிட்டது.

கோவில்பட்டிக்காரன்:

மேலூர் அண்ணே, பாம் பிழைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கிறவர்கள் சிப்பிப்பாறை என்றாலே கொலைகார நாய் என்று எடுத்துக்கொள்வார்கள், அதை விட முடியாது. என்னிடம் இரண்டு கன்னி, ஒரு குட்டி ஸ்பிட்ஸ். நம் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடித் துரத்துகிற நாய்கள், தலைமுறை தலைமுறையாக முயலுக்குப் பழக்கியவை. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம், சரி, அதற்காக நாயின் ரத்தத்தில் இருப்பது போய்விடுமா? சின்னதாக, வெள்ளையாக, வேகமாக ஓடிக் கீச்சென்று கத்துவது எதுவாக இருந்தாலும் அந்த நொடியில் அதற்கு முயல்தான். இதை லேப்பும் செய்யும், அல்சேஷனும் செய்யும். கன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும், அதுதான் வித்தியாசம். அதனால் எங்கள் வீட்டில் ஓடிப் பிடிக்கிற விளையாட்டே கிடையாது, கன்னிகளை அதிகாலையில் தனியாகக் கூட்டிப்போய் ஓடவிட்டு வந்துவிடுவேன், அப்புறம்தான் ஸ்பிட்ஸ் முற்றத்துக்கு வரும். இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

கரூர் கண்ணம்மா:

என்னுடையது சின்னக் கதை. அக்கா வீட்டு ஷிட்சு, பந்துக்காக அல்சேஷனிடம் போக, அது பிடரியைக் கவ்வியதில் ஷிட்சுவின் ஒரு கண் குழியிலிருந்து வெளியே வந்துவிட்டது. உள்ளே தள்ளப் போனார் மாமா. தொடாதீர்கள் என்று நான் கத்தியது இன்னும் என் காதிலேயே கேட்கிறது. சலைனில் நனைத்த துணியைக் காயவிடாமல் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். கண் உள்ளே வைத்துத் தைக்கப்பட்டது, பார்வை திரும்பவில்லை. பக், ஷிட்சு, பெக்கினீஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், அவற்றின் கண்குழி ஆழம் கிடையாது, கழுத்துத் தோலை இறுக்கிப் பிடித்தாலே போதும்.

சரி, நான் பார்த்த வரையில் சொல்கிறேன். சாப்பாடு ஒரே அறையில் வைக்காதீர்கள். தட்டு காலியான பிறகும் பெரியது அதைக் காவல் காக்கும், தட்டை எடுத்துக் கழுவிய பிறகு கதவைத் திறங்கள். ஆட்டெலும்பு போடும் நாளில் சின்னது வேறு அறையில், கதவு தாழிட்டு. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் எவ்வளவு நட்பாக இருந்தாலும் சேர்த்து விடவே கூடாது, கடைக்குப் போய்வரும் பத்து நிமிடம்கூட. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்ட பெரிய நாய் பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும், அந்த வாரம் தனித்தனியாகத்தான். பெட்டை பருவத்துக்கு வந்தால் பெரிய ஆண் நாயைக் கிட்டவே விடாதீர்கள், சின்னப் பெட்டை பெரிய குட்டிகளைச் சுமந்தால் பிரசவம் உயிருக்கே ஆபத்து. சின்னதுக்குக் கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போடுங்கள், மூச்சுக்குழாய்க்கும் நல்லது. அடிபட்டால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், புரூஃபென் எதையும் கொடுக்காதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம். சண்டையில் பெரிய நாயின் பின்னங்கால்கள் இரண்டையும் தூக்கிப் பின்னால் இழுங்கள், வாய்ப்பக்கம் கை போகக் கூடாது. கை கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வீட்டு நாய்தானே என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மேலூர் செவலை:

கண்ணம்மா அக்கா, எல்லாம் சரி, பின்னங்காலை இழுப்பது மட்டும் இங்கே ஒத்துவராது. சம அளவு நாய்கள் சண்டை போட்டால் இழுக்கலாம். பெரியது வாயில் சின்னது இருக்கும்போது இழுத்தால் பல் பதிந்த இடத்தோடு சதை கிழிந்து வரும். நாங்கள் இழுத்திருந்தால் பாம் அன்றே போயிருக்கும். பெரியதைக் காலுக்கு நடுவில் அசையாமல் நிறுத்தி, உதறவிடாமல், பின்னாலிருந்து கழுத்துப் பட்டையை முறுக்கிப் பிடித்தால் மூச்சுக்காக வாயைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று எங்கள் டாக்டர் காட்டிக் கொடுத்தார். அதற்காகவே இப்போது சிப்பிப்பாறைக்கு வீட்டுக்குள்ளும் பட்டை கழற்றுவதில்லை.

கோவில்பட்டி தம்பிக்கு: நான் என் நாயைக் குறை சொல்லவில்லை. அது என் நாய். வெளியே அனுப்பிவிடு என்று சொன்ன சொந்தக்காரர்களோடு இன்னும் பேச்சில்லை. ஆனால் இரண்டையும் இனிச் சேர்த்து விடமாட்டேன். பாம் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறது, பிள்ளைகள் திறக்கச் சொல்லி அழுகிறார்கள், பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு கீறல் இல்லை என்கிறீர்கள். கட்டில் கயிறு சிக்குகிற வரைக்கும் எங்கள் வீட்டிலும் ஒரு கீறல் இருந்ததில்லை.

கோவில்பட்டிக்காரன்:

அது நியாயம் அண்ணே. கன்னிகளுக்கும் பட்டையைப் போட்டுவைக்கிறேன்.

டாபி வீட்டுக்காரருக்கு ஒன்று. தடுப்புக் கதவின் கம்பி இடைவெளியைப் பாருங்கள். மின்பின் தலையை நுழைத்து மாட்டிக்கொண்டு கத்தினால், அந்தப் பக்கம் இரண்டு லேப் நிற்கும். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலையை வாங்கிக் கீழே இரண்டடிக்குக் கட்டிவிடுங்கள், கம்பி முனையை வெளிப்பக்கம் மடக்கி.