பள்ளி வேனிலும் வகுப்பிலும் மகனைக் கேலி செய்து துன்புறுத்துகிறார்கள், பள்ளியில் எப்படிப் பேசுவது?

வைகைக்கரை:
வணக்கம். என் மகன் ஏழாம் வகுப்பு, தனியார் மெட்ரிக் பள்ளி. சின்ன வயதிலிருந்தே பேச்சு கொஞ்சம் திக்கும். இந்த வருடம் செக்ஷன் மாற்றிப் போட்டதிலிருந்துதான் பிரச்சினை. அட்டென்டன்ஸ் எடுக்கும்போது இவன் 'பிரசென்ட் மிஸ்' சொல்லத் திணறினால் பின் பெஞ்சில் மூன்று பேர் அதே மாதிரி இழுத்துச் சொல்ல, வகுப்பே சிரிக்கிறது. வேனில் இன்னும் மோசம். பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு 'திக்காம கேளு, தர்றோம்' என்கிறார்களாம். அதே வேனில் வரும் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்கே தெரியும், இவன் காலையில் வயிற்று வலி என்று மட்டும் சொல்வான். கிளாஸ் டீச்சரிடம் போனில் சொன்னேன், 'பசங்க விளையாட்டு மேடம், பெருசு பண்ணாதீங்க' என்றார். வீட்டுக்காரர் 'திருப்பி அடிடா' என்கிறார். புகார் கொடுத்தால் இன்னும் அதிகமாகிவிடுமோ என்று பயம். டிசி வாங்கிவிடலாமா?

கணக்கு டீச்சர்:
டிசி இப்போது வேண்டாம் சகோதரி. திருப்பி அடிக்கவும் சொல்லாதீர்கள், அவன் ஒரு அடி அடித்துவிட்டால் அடுத்த நாள் ஆபீஸ் ரூமில் அது 'ரெண்டு பக்கமும் தப்பு' என்று முடிந்துவிடும், இதுவரை நடந்த எல்லாம் காணாமல் போய்விடும். போனில் சொன்னதற்கும் எந்தப் பதிவும் கிடையாது. எந்தத் தேதி, எந்த இடம், யார் செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி தலைமை ஆசிரியரிடம் கடிதமாகக் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். 'நடவடிக்கை எடுக்கவும்' என்று மொட்டையாக எழுதாமல் என்ன வேண்டும் என்று கேளுங்கள்: வேனில் பொறுப்பான ஆள் ஒருவர், இவனுக்கு முன் சீட், அட்டென்டன்ஸுக்குக் கை தூக்கினால் போதும் என்ற ஏற்பாடு (அவனுக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுவிட்டு).

இன்னொன்று, இரண்டு பக்கத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கைகொடுக்கச் சொல்லும் சமாதானத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹெச்.எம். முன்னால் 'சாரி' சொல்லிவிட்டு சாயந்திரம் வேனில் அதற்கும் சேர்த்து இவனைப் பழிவாங்குவார்கள், பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த மூன்று பேருக்குத் தீனி போடுவது மற்றவர்களின் சிரிப்புதான். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவிய 'கிவா' என்ற திட்டமே வேடிக்கை பார்க்கிறவர்களை மாற்றுவதைத்தான் மையமாக வைத்திருக்கிறது. வகுப்பில் மற்றவர்கள் மதிக்கிற இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, இவனோடு இருக்கச் சொல்வது அதில் ஒரு பகுதி. இதற்குப் பெரிய பட்ஜெட் எல்லாம் தேவையில்லை, கிளாஸ் டீச்சர் மனது வைத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

ராஜபாளையத்தான்:
கடிதம், சீல் என்று போனால் பள்ளி உங்களையே எதிரியாகப் பார்க்கும். நானாக இருந்தால் அந்தப் பையன்களின் வீட்டுக்கு நேரில் போய் அப்பாக்களிடம் பேசியிருப்பேன்.

நெல்லைச் சீமை:
தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள் அண்ணே. பிள்ளைகள் விஷயம் இரண்டு வீட்டுச் சண்டையாகும், நம் பக்கம் அதில் சாதியும் வந்து ஒட்டிக்கொள்ளும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்தது நினைவிருக்கும். கூடப் படித்தவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்திய பிளஸ் டூ மாணவன், பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது, கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்த அக்காவின் பிரச்சினை அந்த அளவு இல்லைதான். ஆனால் எந்தப் பள்ளியாக இருந்தாலும் பிள்ளை வாயைத் திறந்த அந்த நாள்தான் அவனுக்கு ஆபத்து அதிகம். அதனால் அக்கா, கடிதம் கொடுக்கும்போதே ஹெச்.எம்.மிடம் கேளுங்கள்: அந்தப் பையன்களிடம் எப்படிப் பேசப் போகிறீர்கள், இவன் சொல்லித்தான் தெரிந்தது என்று காட்டாமல் பேசுவீர்களா, இன்று சாயந்திரம் வேனில் யார் இருப்பார்கள்? பதில் வரும் வரைக்கும் கொஞ்ச நாள் நீங்களே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர முடிந்தால் நல்லது.

பள்ளி அசையவில்லை என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் அதே நகலோடு போங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இன்று ராத்திரியே எழுதுகிறேன். கடிதத்தில் அந்த மூன்று பேர் பெயரையும் போடலாமா? பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சாட்சியாகச் சொல்லலாமா?

கணக்கு டீச்சர்:
மூன்று பேர் பெயரையும் போடுங்கள், ஆனால் உறையை ஒட்டி ஹெச்.எம். கையிலேயே கொடுங்கள், ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். அந்தப் பெண்ணின் பெயர் அவள் அம்மாவிடம் கேட்காமல் வேண்டாம், அவளும் அதே வேனில்தானே போகிறாள். அப்புறம், திக்குவதற்குப் பேச்சுப் பயிற்சி பார்ப்பதானால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் இந்த வாரமே தொடங்காதீர்கள், கேலி செய்ததற்குக் காரணம் தன் பேச்சுதான் என்று அவன் நினைத்துக்கொள்வான்.