நேபாள மலைக்காடுகளில் உங்கள் அனுபவம்: இலாமில் ஹாப்ரே தேடிய ஆறு நாள்

நேபாளத்துக்கு மலையேறப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். காட்டுயிர்க் கணக்கெடுப்போடு கூடப் போனவர்களும் இருப்பீர்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

போன நவம்பரில் கிழக்கு நேபாளத்தின் இலாம் மாவட்டத்தில், சிங்கலீலா முகட்டை ஒட்டிய ஓர் ஊரில் தங்கியிருந்தேன். பாஞ்ச்தர், இலாம், தாப்லேஜுங் என்று மூன்று மாவட்டங்களில் நீளும் அந்தக் காடு சிவப்பு பாண்டாவின் முக்கியமான வாழிடம். உள்ளூரில் அதை 'ஹாப்ரே' என்கிறார்கள். ரெட் பாண்டா நெட்வொர்க் அமைப்பு ஊர்க்காரர்களையே வனக் காவலர்களாகப் பழக்கியிருக்கிறது. எங்களைக் கூட்டிப்போனவரும் அப்படி ஒருவர்தான். ஐம்பது வயது இருக்கும், உருளைக்கிழங்குத் தோட்டமும் நாலு மாடும் உண்டு. எல்லாரும் அவரை 'தீதி' (அக்கா) என்றே கூப்பிட்டோம்.

முதல் மூன்று நாளும் ஹாப்ரே கண்ணில் படவில்லை, புழுக்கை மட்டும்தான். பாசி மூடிய கிளை ஒன்றில் விரல்கணு நீளத்தில், இரண்டு முனையும் கூம்பி, குவியலாகக் கிடந்தது. தீதி ஒன்றை எடுத்துப் பிட்டுக் காட்டினார். உள்ளே மூங்கில் இலைத் துணுக்குகள் அப்படியே தெரிந்தன. நாற்றமே இல்லை, நசுக்கிய புல்லின் வாசம்தான். ஹாப்ரேயின் குடல் ஊனுண்ணிக் குடல். அது தின்பதோ மூங்கில் இலை. சரியாகச் செரிக்காது, அதனால் ஓயாமல் தின்கிறது, ஓயாமல் கழிக்கிறது. ஆளைப் பார்க்க முடியாத காட்டில் ஆராய்ச்சிக்குக் கை கொடுப்பது இந்தக் குவியல்தான். பச்சையும் மினுமினுப்பும் இருந்தால் புதுசு, வைக்கோல் நிறமாகி உதிர்ந்தால் பழசு. இடத்தின் உயரம், குவியலில் எத்தனை, சுற்றியுள்ள மூங்கிலின் உயரம், வெட்டுப்பட்ட அடிமரங்கள், நாயின் கால்தடம் என்று எல்லாவற்றையும் தீதி நிதானமாகப் படிவத்தில் குறித்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே தடத்தில் நடக்கிறாராம்.

நாலாம் நாள் காலை, வெயில் ஏறும் நேரம். தீதி என் தோளைத் தொட்டு மேலே கை காட்டினார். எனக்கு மரம்தான் தெரிந்தது. அந்த மரங்களில் செம்பாசியும் வெள்ளைப் பாசியும் கலந்து தொங்கும், ஹாப்ரேயின் முதுகும் முகமும் அதே நிறம். வயிறோ கன்னங்கரேல், கீழே இருந்து பார்த்தால் நிழல் என்றே நினைப்போம். ஒரு நிழல் அசைந்தது, வளையம் வளையமாக ஒரு வால் கீழே சரிந்தது. அது வெயிலுக்குத் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. இருபது நிமிடம் பார்த்திருப்பேன். கேமராவை எடுக்க மனம் வரவில்லை.

*

அருமை. நான் போனது அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும் மனாங். 1986-ல் அங்கே பாதுகாப்பு வேலையைத் தொடங்கியபோதே ஊர்களை வெளியே தள்ளக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். 7,629 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளேயே ஜனங்கள் உழுகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், நாம் கட்டும் நுழைவுக் கட்டணம் அங்கேயே செலவாகிறது.

ஓர் ஆட்டுக்காரர் வீட்டில் தங்கினேன். கதவுக்குப் பின்னால் கயிற்றில் சின்னச் சின்ன மணிகளாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். ஒரே ராத்திரியில் பனிச்சிறுத்தை பட்டிக்குள் குதித்துக் கொன்ற ஆடுகளின் கழுத்து மணிகள். பதினேழு. வெளியில் என்றால் ஓர் ஆட்டை அடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். அடைத்த பட்டிக்குள் ஆடுகள் மிரண்டு ஓட ஓட, அது அடித்துக்கொண்டே இருக்கும். அந்த மனிதர் விஷம் வைத்திருந்தால் யார் கேட்டிருக்க முடியும்? அவர் வைக்கவில்லை. பட்டிக்கு மேலே கம்பி வலை போட்டுக் கொடுத்தார்கள், பிறகு ஓர் ஆடும் போகவில்லை என்றார். 2025-ல் நேபாளம் அறிவித்த மதிப்பீட்டின்படி நாடு முழுக்க 397 பனிச்சிறுத்தைகள். அந்த எண்ணைப் படித்ததும் எனக்கு அந்த மணிக்கயிறுதான் ஞாபகம் வந்தது.

*

மனாங்காரர் சொன்ன அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் சந்திர குருங். கஞ்சன்ஜங்காவுக்குப் போகும் வழியில் குன்சாவில் இரண்டு நாள் இருந்தேன். 2006 செப்டம்பர் 23 அன்று, கஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதியின் நிர்வாகத்தை உள்ளூர் மக்கள் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு அங்கிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் மலையில் மோதியது. 24 பேரும் இறந்தார்கள். சந்திர குருங், மிங்மா நோர்பு ஷெர்பா, தீர்த்தமான் மஸ்கே, ஹர்க குருங் என்று நேபாளப் பாதுகாப்பு இயக்கத்தின் ஒரு தலைமுறையே அதில் போய்விட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்த மலைப்பக்கம் கை நீட்டினார், பேச்சு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் குழு கலையவில்லை. நேபாளத்தில் முதன்முதலாகப் பனிச்சிறுத்தைக்குச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை மாட்டியது 2013-ல், அதே கஞ்சன்ஜங்காவில்தான்.

இலாம் நண்பருக்கு ஒரு கேள்வி. படிவத்தில் நாயின் கால்தடத்தை ஏன் குறிக்கிறார்கள்?

*

கேட்டதற்கு நன்றி, எழுத விட்டுப்போயிற்று. மேய்ச்சல்காரர்களின் நாய்கள் காட்டில் அவிழ்ந்து திரிகின்றன. ஹாப்ரேயைக் கடித்துப் போடுவது ஒரு பக்கம், டிஸ்டெம்பர் நோய் தொற்றினால் அது பிழைப்பதே அரிது. தீதியிடமும் ஒரு கறுப்பு நாய் இருந்தது. தடுப்பூசி போட்டிருக்கிறார். காட்டுக்குக் கிளம்பும்போது அது வாலை ஆட்டிக்கொண்டே கூட வரும். ஆறு நாளும் வாசல் தூணில் கட்டிவிட்டு, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் நடக்கத் தொடங்கினார்.