ஆட்டிசம் குழந்தையைப் பிடித்து வைத்து வைத்தியம் செய்யலாமா?

வேம்படி:
ஒன்பது வயதில் எனக்குப் பல் பிடுங்க நான்கு பேர் கைகாலை அமுக்கிப் பிடித்தார்கள். "பிடிவாதக்காரப் பையன்" என்று அம்மாவிடம் சொன்னார்கள். அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்கவில்லை. போன வருடம் மயங்கி விழுந்தபோதுதான் சர்க்கரை இருப்பதும், ஆட்டிசம் இருப்பதும் தெரிந்தது. இப்போது வயது 34. உடம்பில் வலி எங்கே என்று சொல்லத் தெரியாதவர்கள் எங்களில் நிறைய பேர். அதோடு பயமும் சேர்ந்தால் நோய் முற்றித்தான் வெளியே வரும். 2016ல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்கள் இறந்த சராசரி வயது 54, மற்றவர்களுக்கு 70. தயவுசெய்து பிள்ளைகளை அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

கதிர்அப்பா:
தம்பி, நீங்கள் பட்டது கொடுமை. ஆனால் அந்த 54ஐ மட்டும் போட்டால் பெற்றோர் பதறிப்போவார்கள். ஆய்வுக் காலத்தில் இறந்தவர்களின் சராசரி அது, ஆயுள் கணக்கு இல்லை. அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தவர்களுக்கு வலிப்பு ஒரு முக்கியமான காரணம். 2023ல் வந்த பிரிட்டன் ஆய்வில், அந்தக் குறைபாடு இல்லாத ஆட்டிசம் ஆண்களுக்கு எதிர்பார்க்கும் ஆயுள் ஏறக்குறைய 75, பெண்களுக்கு 77. எல்லாவற்றையும் சின்ன வயது பயத்தின் தலையில் கட்டக்கூடாது.

என் மகனுக்கு ஏழு வயது, பேச்சு இல்லை. போன மாதம் கடைவாய்ப் பல்லில் சீழ். மூன்று நாள் சாப்பாடு இல்லை, தலையைச் சுவரில் முட்டினான். நானேதான் பிடித்துக்கொண்டேன். விட்டிருந்தால் சீழ் பரவியிருக்கும்.

வேம்படி:
கணக்கில் நீங்கள் சொல்வது சரி அண்ணா. ஆனால் 75ம் 77ம் கூட மற்றவர்களைவிடச் சில வருடம் குறைவுதான். அதே ஸ்வீடன் ஆய்வில் அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்களிடம் தற்கொலை பல மடங்கு அதிகம். அதற்கு வலிப்பைக் காரணம் சொல்ல முடியாது. அவசரத்துக்கு ஒரு நாள் பிடித்ததை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அதுவே வழக்கமாகிவிடுவதைத்தான் சொல்கிறேன்.

நளினி_தெரபி:
சீழ் வைக்கும்வரை காத்திருக்காமல், வலி இல்லாத நாளிலேயே கூட்டிப்போங்கள். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். அடுத்த முறை விளக்கு, அப்புறம் வாய்க்குள் வைத்துப் பார்க்கும் கண்ணாடி. அந்த அறையைப் போட்டோ எடுத்து வீட்டில் வரிசையாகக் காட்டுங்கள். பெரிய சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

கதிர்அப்பா:
எங்கள் ஊரில் மயக்க மருந்து வசதி இல்லைம்மா, 70 கிலோமீட்டர் போகவேண்டும். இப்படி நாலு தடவை சும்மா வந்துபோக எந்த டாக்டர் நேரம் தருவார்? அன்று பிடித்தது தப்பு என்று இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆட்டோ அந்தத் தெருவுக்குள் திரும்பினாலே காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். அந்தப் போட்டோ வரிசையை எப்படிப் போடுவது, கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.