'டியூனிங்': எஞ்சினுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செவ்வாய், இரவு 9.40. வசனவரி

எல்லாருக்கும் வணக்கம். பதினெட்டு நிமிடப் படம் ஒன்றுக்கு வசனவரி போட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தாலியில் மோதேனா பக்கம் ஒரு சின்னப் பட்டறை, உள்ளே பழைய லம்போர்கினி எஸ்பாடா ஒன்று, அதன் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி ஒரு பெரியவர். படம் முழுக்க அவ்வளவுதான். காரின் அழகைக் காட்டுவார்கள் என்று உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள்.

அவர் பேசுவது இத்தாலியன். எனக்குத் தந்திருப்பது அதன் ஆங்கிலப் படி. அதில் இருபத்துமூன்று இடத்தில் 'டியூனிங்' வருகிறது. அகராதிகளைப் புரட்டினால் இசைவிப்பு, சுருதி கூட்டல், ஒத்திசைத்தல் என்று வீணைக்கும் வானொலிக்கும் ஆன சொற்களே கிடைக்கின்றன. "அடுத்து நாம் எஞ்சினை இசைவிப்போம்" என்று போட்டுப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டியூனிங் என்றே விட்டுவிடலாம்தான், ஆனால் படத்தைக் கேட்டவர்கள் தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்கிறார்கள். வெள்ளி மாலை அனுப்ப வேண்டும். ஒரு வரிக்கு இரண்டு விநாடி. நீளச் சொல் ஆகாது.

செவ்வாய், இரவு 10.55. ஸ்பானர், கோவை

அம்மா, வேலை என்னவென்று தெரிந்துகொண்டு பெயர் வையுங்கள். எஸ்பாடாவை நான் தொட்டதில்லை. வெபர் கார்பரேட்டரில், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கருவியில், கை வைத்திருக்கிறேன், பழைய ஃபியட் ஒன்றில் ஜோடியாக மாட்டியிருந்தது.

எஸ்பாடாவில் 12 சிலிண்டர், 3929 சிசி. வெபர் 40 டிசிஓஇ ஆறு. ஒவ்வொன்றிலும் இரண்டு தொண்டை (காற்று போகிற குழாய்), ஆக சிலிண்டருக்கு ஒரு தொண்டை. நம்ம ஊர் ஒற்றைக் கார்பரேட்டர் வண்டியில் செட்டிங் தப்பினாலும் நாலு சிலிண்டருக்கும் ஒரே தப்புத்தான் போகும், வண்டி சமாளித்து ஓடிவிடும். இதில் ஒரு தொண்டை சோம்பினால் அந்தச் சிலிண்டர் மட்டும் ஓசியில் சவாரி வரும், பாக்கிப் பதினொன்றும் அதைச் சுமக்கும்.

வரிசை முக்கியம். முதலில் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கு விடுகிற இடைவெளி. அப்புறம் பிளக், பாயின்ட், டைமிங் (தீப்பொறி விழுகிற நேரம்). கடைசியில்தான் கார்பரேட்டர். பாதி ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வெபரைத் திட்டுவார்கள். கார்பரேட்டரிலும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஆறையும் கோக்கும் லிங்க் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் வாயிலும் காற்று மானியை வைத்து, எல்லாவற்றிலும் முள் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி ஸ்க்ரூவைத் திருக வேண்டும். அப்புறம் கம்பியை மாட்டுவது. அதன் நீளத்தில் அரை நூல் பிசகினால் ஒரு பட்டர்ஃபிளை (தொண்டைக்குள் காற்றை அடைக்கிற தட்டு) மற்றதற்கு முன்னால் திறந்துகொள்ளும், பட்ட பாடு அத்தனையும் வீண். பெட்ரோல் குறைந்தால் கார்பரேட்டர் வழியாகத் திருப்பித் தும்மும். கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும். பிளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

இதற்கு எங்கள் ஊரில் பெயர் செட்டிங், டியூனிங். டியூனிங் என்றே போட்டுவிடுங்களேன்.

புதன், காலை 5.20. கானல், திருவையாறு

அன்புள்ள வசனவரி, சொல்லைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது. *பண்ணல்*.

சிலப்பதிகாரக் கானல்வரியின் தொடக்கத்தில் மாதவி யாழை வாங்கி எண்வகைக் கரணத்தால் இசை எழுப்புவாள். எட்டில் முதலாவது பண்ணல், நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்பச் செம்மை செய்வது. பிறகு பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்று போகும். இத்தோடு நின்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தேரைப் புறப்பாட்டுக்கு ஆயத்தம் செய்வதற்கும் நம் பழம்பாட்டில் இதே வினைதான். பண்ணமை தேர் என்ற தொடர் உங்களுக்குத் தெரியாததல்ல. யாழையும் பண்ணினார்கள், தேரையும் பண்ணினார்கள். வண்டியைச் சுருதியோடு புறப்படச் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது?

புதன், காலை 8.05. வசனவரி

> யாழையும் பண்ணினார்கள், தேரையும் பண்ணினார்கள்

ஐயா, படித்ததும் மயிர்க்கூச்செறிந்தது. உடனே போட்டும் பார்த்தேன். "பெரியவர் எஞ்சினைப் பண்ணுகிறார்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை, "என்ன பண்ணுகிறார்?" என்று கேட்டாள்.

புதன், காலை 8.31. ஸ்பானர்

டியூன் பண்ணல் = பண்ணல் பண்ணல். நம் பையன்களிடம் சொன்னால் பன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

புதன், பகல் 12.10. கானல்

தம்பி ஸ்பானர், சிரிக்கலாம். ஒரு சொல் தேய்ந்து துணைவினை ஆகிவிட்டது அதன் குற்றமா, நம் குற்றமா? வேட்டி கசங்கியிருக்கிறது என்று யாரும் தூக்கி எறிவதில்லை, துவைத்துத்தான் கட்டுகிறோம்.

புதன், மாலை 6.45. லயம்

ஒரு பொறியாளனாகவும் அரைகுறை மிருதங்கக்காரனாகவும் சொல்கிறேன், இந்த இசை உவமையே தடம் மாறிப் போகிறது.

எஞ்சினின் சுருதி எதனால் மாறுகிறது? வேகத்தால் மட்டும். பன்னிரண்டு சிலிண்டர் நாலடி (ஃபோர்-ஸ்ட்ரோக்) எஞ்சினில் கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஆறு வெடிப்பு, 60 பாகைக்கு ஒன்று. நிமிடத்துக்கு 1500 சுற்றில் விநாடிக்கு 150 வெடிப்பு. நம் பாட்டுக்காரர்களின் சுருதிக் கணக்கில் இரண்டு கட்டைக்கு ஓர் இழை மேலே. 3000 சுற்றில் அதுவே மேல் ஸ்தாயிக்குப் போகும். ஆக்சிலரேட்டரை மிதிக்கிற எவனும் அதை ஏற்றி இறக்கலாம், அதற்குப் பெரியவர் எதற்கு?

அவர் சரிசெய்வது சுருதியை அல்ல, *லயத்தை*. பன்னிரண்டு அடியும் ஒரே இடைவெளியில், ஒரே கனத்தில் விழவேண்டும். ஒன்று மெலிந்தாலும் காது பிடித்துவிடும். ஆகவே சுருதி, பண், யாழ் எல்லாம் விலகட்டும். லயப்படுத்தல் என்பேன்.

புதன், இரவு 7.30. வேர்ச்சொல்

சுருதியும் வடமொழி, லயமும் வடமொழி. இரண்டு அயலார் சண்டையில் நம் வீடு எரிகிறது.

சுருதிக்குப் பழந்தமிழில் *கேள்வி* உண்டு, *அலகு* உண்டு. தாளத்துக்குப் *பாணி*, *தூக்கு*. தூக்கு என்பது நிறுத்தலும் ஆகும், எடையும் ஆகும், செய்யுளின் ஓசை நிறுப்பும் ஆகும். பெட்ரோலையும் காற்றையும் நிறுத்துக் கலப்பதும் தூக்குத்தான், அடியை ஒழுங்காக வைப்பதும் தூக்குத்தான். *தூக்கமைத்தல்*.

புதன், இரவு 7.41. ஸ்பானர்

"எஞ்சினைத் தூக்கமைத்தான்" என்றால் செயின் பிளாக் போட்டுத் தூக்கிவிட்டான் என்றுதான் எவனும் நினைப்பான்.

(இதற்குப் பிறகு தூக்கு, தூக்கம், துலாம் மூன்றும் ஒரே வேரா என்று வேர்ச்சொல் ஐயாவும் கானல் ஐயாவும் ஒன்பது மடல் எழுதினார்கள். அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

வியாழன், காலை 3.15. எமிலியா

வணக்கம் தங்கச்சி. நான் றெஜ்ஜோ எமிலியாவில இருக்கிறன். இஞ்ச இப்ப ராத்திரி பதினொண்டு முக்கால். எஸ்பாடா வாங்கிற வசதி எனக்கு ஏழு பிறப்புக்கும் வராது, ஆனா அது செய்த சந்தாகத்தா பொலொன்யேசே இஞ்சயிருந்து தூரமில்லை.

உங்கட சண்டை முழுக்க இங்கிலீசால வந்த வினை. இஞ்சத்தை மெக்கானிக்மார் எஞ்சினுக்கு 'ட்யூனிங்' எண்டு சொல்லுறேல்லை. பெடியள் காருக்குச் செட்டை வைச்சு, கலர் லைற் பூட்டித் திரியிறதுக்குத்தான் இஞ்ச அந்தப் பேர். வீணை, கிற்றாருக்குச் சுருதி சேர்க்கிறது 'அக்கொர்தாரே', அதையும் எஞ்சினுக்குச் சொல்லமாட்டினம். அந்தக் கிழவன் படத்தில சொல்லியிருக்கக்கூடியது 'மெஸ்ஸா அ புன்தோ'. மெஸ்ஸா எண்டால் வைக்கிறது, புன்தோ எண்டால் புள்ளி. அதுக்கு உரிய புள்ளியில கொண்டுபோய் வைக்கிறது. யாழும் இல்லை, மிருதங்கமும் இல்லை. சமையலிலயும் புன்தோ வரும், அளவா வெந்திருக்கு எண்டுறதுக்கு.

எங்கட ஆக்களும் அதைத்தானே *பதம்* எண்டுறது?

தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. ஒஸ்ரின், மொறிஸ் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடின காலம். கார்பரேட்டருக்குள்ள நாலு துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் பிடிச்சாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. எங்கட சித்தப்பா பொனற்றைத் திறந்துபோட்டு ஒரு ஸ்க்ரூவில விரலை வைச்சுக்கொண்டு நிப்பார். கண் மூடியிருக்கும். ஊரெல்லாம் புகை. ஒரு கட்டத்தில சத்தம் இறுகும். "ம், பதம் வந்திட்டுது" எண்டுபோட்டு விரலை எடுப்பார். எனக்கு எஞ்சினோட பதம் எண்ட சொல் அப்பதான் ஒட்டினது.

இன்னொண்டு. கார்பரேட்டர் தொண்டையில ஒடுங்கின இடத்துக்கு வென்டூரி எண்டு பேர். அந்த ஜோவான்னி பத்திஸ்தா வென்தூரி 1746இல பிறந்த பிப்பியானோ இந்த மாகாணத்திலதான். குழாய் ஒடுங்கிற இடத்தில ஓட்டம் விரையும், அமுக்கம் குறையும் எண்டு ஆராய்ஞ்ச மனிசன். அந்தக் குறைஞ்ச அமுக்கம்தான் பெற்றோலை மேல உறிஞ்சுது. எத்வார்தோ வெபர் 1923இல கொம்பனி தொடங்கினது பக்கத்துப் பொலோன்யாவில. எல்லாம் ஒரே சமவெளிக்குள்ள முடிஞ்ச விசயம்.

வியாழன், காலை 6.10. வசனவரி

அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஒலியைத் திரும்பக் கேட்டேன். 'மெஸ்ஸா அ புன்தோ'வேதான். ஆனால் இன்னொரு சிக்கல் கிளம்பிவிட்டது. ஆங்கிலப்படி டியூனிங் என்று ஒரே சொல்லால் சொல்லும் இருபத்துமூன்றில் எட்டு இடத்தில் அவர் சொல்வது 'சிங்க்ரொனித்ஸாத்ஸியோனே'. ஆறு கார்பரேட்டரையும் சமன் செய்யும் கட்டம் அது. அங்கே மானியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ரப்பர் குழாயை எடுக்கிறார். ஒரு முனை காதில், மறுமுனை ஒவ்வொரு தொண்டையின் வாயருகிலும். பன்னிரண்டு தடவை. ஏழாவதில் மட்டும் முகம் சுளிக்கிறார்.

ஆக இரண்டு சொல் வேண்டும். ஒன்றுக்கே இந்தப் பாடு.

வியாழன், காலை 7.00. ஸ்பானர்

நான் சொன்னேனே, அது வேறு வேலை, இது வேறு வேலை என்று. ஏழாவது, எட்டாவது ஒரே கார்பரேட்டராக இருந்து ஏழு மட்டும் சீறினால் பட்டர்ஃபிளைத் தண்டு முறுக்கியிருக்கும். இரண்டு தொண்டைக்கும் ஒரே தண்டு. ஸ்க்ரூவைத் திருகி அதைச் சரிக்கட்ட முடியாது, கழற்றித்தான் ஆகவேண்டும். முகம் சுளிக்காமல் என்ன செய்வார்.

பதம் எனக்கும் பிடிக்கிறது, ஒரு எச்சரிக்கையோடு. *பதம் பார்த்தல்* என்று போட்டுவிடாதீர்கள். "எஞ்சினைப் பதம் பார்த்துட்டான்" என்றால் எஞ்சின் போச்சு என்று அர்த்தம். நாங்கள் டைமிங் வைக்கிறது என்போம். அதே மாதிரி *பதம் வைத்தல்*.

வியாழன், காலை 9.25. வேர்ச்சொல்

பதம் வடசொல் ஆயிற்றே.

வியாழன், காலை 9.40. கானல்

சொல், அடி என்ற பொருளில் வருவதுதான் வடசொல். சோற்றுப் பதமும் பாகுப் பதமும் நம்முடையவை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு எந்த மொழிப் பதம் என்று உங்கள் வீட்டம்மாவைக் கேளுங்கள். ஆனால் எஞ்சினுக்கு அது ஆகாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். பதப்படுத்தல் என்று தோலுக்கும் மீனுக்கும் ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது.

வியாழன், பகல் 1.15. லயம்

பதத்துக்கு என் ஒப்புதல். என் லயத்தை சிங்க்ரொனித்ஸாத்ஸியோனேவுக்குக் கொடுங்களேன்? இல்லாவிட்டால் *ஒத்து வைத்தல்*.

வியாழன், பகல் 1.22. ஸ்பானர்

ஒத்து ஊதுகிற மாதிரி இருக்கிறது.

வியாழன், பகல் 1.50. லயம்

நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் இல்லாவிட்டால் வித்துவான் கதி என்னவாகும் என்று தெரியுமா உங்களுக்கு? ஒற்றை ஸ்வரத்தை மூன்று மணி நேரம் அசையாமல் பிடிப்பது... சரி, வேண்டாம். தனி இழைக்குத் தள்ளிவிடுவார்கள்.

வியாழன், இரவு 11.30. எமிலியா

அந்த ரப்பர் குழாயால கிழவன் கேட்கிறது மூச்சைத்தானே. பன்னிரண்டு மூச்சும் ஒப்பா இருக்கோ எண்டு பார்க்கிறான். *மூச்சொப்பு*?

வெள்ளி, மாலை 4.50. வசனவரி

அனுப்பிவிட்டேன். பதினைந்து இடத்தில் 'பதம் வைத்தல்'. எட்டு இடத்தில் 'மூச்சொப்பு', அந்தக் காற்று மானிக்கு 'மூச்சொப்பு மானி'. எழுதியவர்களில் பதத்துக்கு நான்கு பேர், பண்ணலுக்கு ஒருவர், தூக்குக்கு ஒருவர். லயம் அண்ணா மூச்சொப்பை ஏற்கவில்லை, எதிர்க்கவும் தெம்பில்லை என்று தனி மடலில் சொல்லிவிட்டார். முதல் வரியில் மட்டும் "எஞ்சினுக்குப் பதம் வைத்தல், அதாவது டியூனிங்" என்று போட்டிருக்கிறேன். வேர்ச்சொல் ஐயா மன்னிக்கவும்.

வெள்ளி, மாலை 6.15. கானல்

அம்மா, பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. குழுவின் சொற்பட்டியலில் பண்ணல் என்பதையும் அடைப்புக்குறிக்குள்ளாவது வையுங்கள், முதலில் முன்மொழியப்பட்டது என்ற குறிப்போடு.

அந்தப் பெரியவர் குழாயைக் காதில் வைத்துத் தொண்டை தொண்டையாகக் கேட்பது தைவரலும் ஆராய்தலுமே அன்றி வேறில்லை. அதைப் பிறகு ஒரு நாள் பேசுவோம். இப்போதைக்கு ஒன்று மட்டும்: மூச்சொப்பு, புணர்ச்சி சரி. 'மூச்சொப்பு மானி' என்று பிரித்திருக்கிறீர்கள். ஒரே சொல் அது, இடம் விடக்கூடாது. படம் வெளிவருவதற்குள் திருத்த முடியுமா?