மாசி வீதிச் சந்துகளில் கைபேசியோடு வரைபடம் திருத்தியபோது

மதுரையில் மாசி வீதிகளுக்கும் ஆவணி மூல வீதிகளுக்கும் நடுவே இருக்கும் சந்துகளை தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வீட்டில் உட்கார்ந்து வரைய முடியாது. கட்டடங்கள் அவ்வளவு நெருக்கம், செயற்கைக்கோள் படத்தில் பல சந்துகள் கண்ணுக்கே படாது. எது முட்டுச்சந்து, எதில் பைக் நுழையும், எங்கே படி குறுக்கிடும் என்பதெல்லாம் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

நான் பெரும்பாலும் இந்த வரைபடத்தில் விடுபட்ட விவரங்களைச் சேர்க்க உதவும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியோடு போவேன். கிளம்பும் முன் அந்தப் பகுதியை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். சாலை தார் போட்டதா, கல் பாவியதா, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அதுவே கேட்கும். புதுச் சந்து ஒன்றை வரைந்து சேர்க்க வெஸ்பூச்சி என்ற இன்னொரு செயலி. ஆனால் உச்சி வெயிலில் திரை சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் குறிப்பு மட்டும் போட்டுவிட்டு, சந்துக்கான கோடுகளை அப்புறம் நிழலில் நின்று வரைவது நல்லது. இன்னொன்று, ஜிபிஎஸ் சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் நாம் நிற்கும் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். அதை நம்பாமல், ஏற்கெனவே சரியாகக் குறித்த முனைக்கடையையோ கோயிலையோ வைத்துத்தான் இடத்தை முடிவு செய்கிறேன்.

கைபேசியைப் பார்த்தபடி ஒருவன் நின்று நின்று நடந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். "என்ன தம்பி, ரோட்டை அகலப்படுத்த அளக்குறீங்களா?" என்று ஒரு பெரியவர் வழிமறித்தார். வீட்டின் முன்பக்கம் போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. திரையைக் காட்டி, இது யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய வரைபடம், நான் தன்னார்வமாகச் செய்கிறேன் என்றேன். இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டார். 2015 வெள்ளத்தில் சென்னை மக்கள் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று இந்த வரைபடத்தின் மேல்தான் குறித்தார்கள் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே ஆரம்பித்தார். "நூத்தியெட்டு வண்டி இதுக்குள்ள வராது தம்பி. முனையில நிறுத்திட்டு ஆளைத் தூக்கிட்டுத்தான் போகணும். அந்தப் பக்கச் சந்துல ராத்திரி கேட்டைப் பூட்டிருவாங்க, அது வழியாவும் போக முடியாது." செயலி என்னிடம் கேட்டிராத விவரம் இது, உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. அன்றிலிருந்து ஒவ்வொரு சந்துக்கும் அகலத்தைச் சேர்க்கிறேன். கேட் இருந்தால் அதையும் நேரில் பார்த்து உறுதி செய்தபின் பதிவேற்றுகிறேன்.

மீனாட்சி அம்மன் கோயில் மதிலுக்கு வெளியே சுற்றிவரும் சித்திரை வீதியில் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் கேட்டால் உடனே திரையைக் காட்டிவிடுங்கள். அங்கே புகைப்படம் எடுக்காமல் இருப்பதே நல்லது. ஆடி வீதிகள் கோயில் மதிலுக்கு உள்ளே இருப்பதால் கைபேசி கொண்டுபோக முடியாது. அங்கே பார்த்ததை வெளியே வந்து உடனே பதிந்துவிடுவேன், தள்ளிப்போட்டால் மறந்துவிடும்.

ஸ்ரீரங்கம், கும்பகோணம் பக்கம் இப்படி நடந்து திருத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இரவில் பூட்டும் கேட்டுக்கு நேரத்தை எப்படிக் குறிக்கிறீர்கள்?