செர்பென்ஸ்: எதிரி மூழ்கடித்ததா, தானே வெடித்ததா?

கலங்கரை:
ரொம்ப நாளாக எழுத நினைத்த கப்பல் இது. அமெரிக்கக் கடற்படையின் செர்பென்ஸ், எண் ஏகே-97. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிக் குவித்த லிபர்ட்டி ரகச் சரக்குக் கப்பல். கலிபோர்னியாவில் 1943 மார்ச் 10 அன்று கட்ட ஆரம்பித்து ஏப்ரல் 5-ல் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். கணக்குப் போடுங்கள், 26 நாள்! முதலில் பெஞ்சமின் கார்டோசோ என்று ஒரு நீதிபதியின் பெயர் வைத்திருந்தார்கள். கடற்படை எடுத்துக்கொண்டதும் சர்ப்ப நட்சத்திரக் கூட்டத்தின் பெயராகிவிட்டது. மே 28-ல் பணியில் சேர்ந்தது. ஓட்டியவர்கள் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காரர்கள்.

இரண்டாம் உலகப் போர் நடந்த 1945 ஜனவரி 29 இரவு, பசிபிக்கில் சாலமன் தீவுகளைச் சேர்ந்த குவாடல்கனல் தீவின் லுங்கா கரைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்தபோது ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்து நினைவுச்சின்னத்தில் 250 பெயர்கள் இருக்கின்றன. கடலோரக் காவல்படையின் வரலாற்றிலேயே ஒரே சம்பவத்தில் இத்தனை பேர் போனது இதில்தான்.

பழைய_வின்ச்மேன்:
தம்பி, எல்லாம் சரி. அந்த நீர்மூழ்கியை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்? அன்றைக்கு அந்தக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தது டெப்த் சார்ஜ். நீர்மூழ்கியை அடிக்கக் கடலுக்குள் போடும் குண்டு. 1949-லேயே அமெரிக்கக் கடற்படை 'இது எதிரி வேலை இல்லை, சுமை ஏற்றும்போது நடந்த விபத்து' என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டது.

கலங்கரை:
ஐயா, மூடிய கோப்பைக் காட்டி வாயை மூடச் சொல்லாதீர்கள். முதலில் எதிரி தாக்குதல் என்றார்கள். அப்புறம் விசாரணை மன்றம், மிச்சமிருக்கும் தடயத்தை வைத்துக் காரணம் சொல்ல முடியாது என்றது. கடைசியில் விபத்து. இப்படி மாறிக்கொண்டே வந்த தீர்ப்பை வேதவாக்காக எடுக்க வேண்டுமா? கரைக்குப் போயிருந்ததால் தப்பிய கப்பல் தலைவர் என்ன சொன்னார்? இரண்டு முறை பளிச்சிட்டது, அதன்பின் கப்பலின் முன்பகுதி மட்டும்தான் தெரிந்தது என்றார். முதல் வெளிச்சம் டார்பிடோ, இரண்டாவது சரக்கு. எனக்கு அப்படித்தான் படுகிறது.

உப்புக்காற்று:
இரண்டு வெளிச்சத்துக்கு நீர்மூழ்கி எதற்கு? லிபர்ட்டி கப்பலில் ஐந்து சரக்கு அறைகள். செர்பென்ஸில் அவற்றில் மூன்றை வெடிமருந்து வைப்பதற்காக நியூசிலாந்தில் மாற்றி அமைத்திருந்தார்கள். ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்கும்.

தேதியையும் பாருங்கள். ஜப்பானியர் குவாடல்கனலை விட்டுப் போனது 1943 பிப்ரவரி. 1945 ஜனவரியில் சண்டை பிலிப்பைன்ஸ் லூசானில். லுங்கா அப்போது கொல்லைப்புறம்.

கலங்கரை:
கொல்லைப்புறமா? 1944 நவம்பர் 20 அன்று பசிபிக்கில் அமெரிக்கர் வைத்திருந்த உலிதி நங்கூரத் துறைக்குள்ளேயே அவர்களின் மிசிசினேவா எண்ணெய்க் கப்பலைக் கைட்டன் வந்து அடித்தது. மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் டார்பிடோ. உள்ளே இருந்தவர்களும் 'இங்கே எவன் வரப்போகிறான்' என்றுதான் நினைத்திருப்பார்கள். செர்பென்ஸுக்குச் சரியாகப் பத்து வாரம் முன்னால் நடந்தது இது.

உப்புக்காற்று:
நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். உலிதி தாக்குதலுக்கு எந்த நீர்மூழ்கி போனது என்பதுகூடத் தெரியும்: ஐ-47, ஐ-36. 1945 ஜனவரியில் கைட்டன் அனுப்பிய இடங்களும் தெரியும்: உலிதி, மனுஸ், ஹாலந்தியா, குவாம், கோசோல். லுங்கா அந்தப் பட்டியலில் கிடையாது.

லுங்காவில் சரக்குக் கப்பல் டார்பிடோ வாங்கியது எப்படி இருக்கும் என்று பார்க்க அல்சிபா இருக்கிறதே. அதுவும் கடற்படைச் சரக்குக் கப்பல்தான், ஏகே-23. 1942 நவம்பர் 28 அன்று ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி அதை அடித்தது. அடி விழுந்தது பெட்ரோலும் வெடிமருந்தும் இருந்த அறையில். தீ 150 அடிக்கு எழும்பியது. தலைவர் கப்பலைக் கரையில் கொண்டுபோய் ஏற்றச் சொன்னார். நாள்கணக்கில் எரிந்தது, அணைத்தார்கள். டிசம்பர் 7-ல் இன்னொரு டார்பிடோ விழுந்தது! அதையும் தாங்கி, பழுது பார்த்து, மறுபடி ஓடிய கப்பல். செர்பென்ஸில் எல்லாமே ஒரு கணத்தில் முடிந்துவிட்டது.

கலங்கரை:
அல்சிபாவின் அதிர்ஷ்டத்தை அளவுகோலாக வைக்க முடியாது. இன்னொன்று கேட்கிறேன். டெப்த் சார்ஜ் தண்ணீர் அழுத்தத்தில் வெடிக்கும்படி செய்யப்பட்டது. கை தவறி விழுந்தால் உருளும், அவ்வளவுதான். விபத்து என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பழைய_வின்ச்மேன்:
நான் சொல்கிறேன். முப்பது வருஷம் கப்பலில் சுமை தூக்கும் வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்தவன். துறைமுகப் பெயர் வேண்டாம்.

வின்ச்காரனுக்குச் சரக்கு அறையின் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது. அறையின் வாயான ஹேட்ச் ஓரத்தில் நிற்கிற ஆளின் கையைத்தான் பார்ப்பான். உள்ளங்கை கீழே என்றால் இறக்கு, முஷ்டி மூடினால் நிறுத்து. ஒருநாள் ஸ்லிங்கில், அதாவது சுமையைக் கட்டித் தூக்கும் கயிற்றில், பீப்பாய் வந்துகொண்டிருந்தது. கயிறு ஒரு பக்கம் நழுவி, ஒரு பீப்பாய் உருவிக்கொண்டு விழுந்தது. கையைக் காட்டிக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தியபடியே உறைந்துபோனார். நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் வருகிறதா என்று காத்திருந்தேன். வந்தது. உள்ளே இருந்தது வெறும் கிரீஸ்.

மார்க் 6 டெப்த் சார்ஜ் ஒன்று 420 பவுண்டு, அதில் 300 பவுண்டு வெடிமருந்து. அதை ராத்திரியில், ஸ்லிங் ஸ்லிங்காக, ஓய்ச்சல் இல்லாமல் ஏற்றுகிறார்கள். 'விழுந்தால் உருளும்' என்று புத்தகம் சொல்லும். 1944 ஜூலை 17, அமெரிக்காவின் போர்ட் சிகாகோ துறையில் வெடிமருந்துச் சரக்கு வெடித்தது: 320 பேர் பலி. அதே வருஷம் நவம்பர் 10, மனுஸ் தீவில் மவுண்ட் ஹூட் என்ற வெடிமருந்துக் கப்பல்: கிட்டத்தட்ட 3,800 டன் வெடிமருந்து, கப்பலில் இருந்தவர் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இரண்டுமே சரக்கு கையாளும்போதுதான். மூன்றாவதாக அதே வேலையில் இருந்த கப்பல் வெடித்தால் நான் முதலில் ஸ்லிங்கைத்தான் பார்ப்பேன்.

நள்ளிரவு_வாசகன்:
இரண்டு தரப்பும் அந்த ஒரு இரவையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அதற்கு முந்தைய ஒன்றரை வருஷம் அந்தக் கப்பல் என்ன செய்தது? நியூசிலாந்து, குவாடல்கனல், பனிகா, பூகன்வில் என்று சாமான் சுமந்தது. பழுதான வண்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. மணிக்குப் பதினோரு கடல் மைல் வேகம். அதையும் யாராவது எழுதுங்களேன்.

அப்புறம், இறந்தவர்கள் எல்லாரும் காவல்படைக்காரர்கள் இல்லை. சுமை ஏற்ற வந்த தரைப்படையின் 231-வது துறைமுகக் கம்பெனி ஆட்கள் ஐம்பதுக்கும் மேல். அவர்கள் பெயரும் அந்தக் கல்லில்தான் இருக்கிறது. கப்பலில் இருந்து பிழைத்தவர்கள் முன்பகுதியில் இருந்த இரண்டே பேர்.

கலங்கரை:
துறைமுகக் கம்பெனியை விட்டது என் தப்பு, சேர்த்துவிடுகிறேன். வின்ச்மேன் ஐயா சொன்னது மனதில் ஏறுகிறது, ஆனாலும் அது ஊகம்தான். ஸ்லிங் நழுவியதைப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆள் இல்லை.

பழைய_வின்ச்மேன்:
நீர்மூழ்கியைப் பார்த்தவனும் இல்லை தம்பி.

கலங்கரை:
சரி. முதல் பதிவில் 'டார்பிடோ போட்டு மூழ்கடித்தது' என்பதை எடுத்துவிட்டு 'வெடித்துச் சிதறியது' என்று போட்டுவிடுகிறேன். தலைப்பில் கேள்விக்குறி அப்படியே இருக்கும்.